பௌர்ணமிக்குப் போய் அமாவாசைக்குத் திரும்பியவன்

மாப்ளே,

ஒட்டகம் உனக்குப் படம் அனுப்பிவிட்டான் என்று நேற்றுதான் தெரிந்தது. நெற்றியில் பச்சையும் கன்னத்தில் ஆரஞ்சுமாகச் சாயம் பூசிக்கொண்டு, குழந்தைகள் மணல் அள்ளுகிற பிளாஸ்டிக் வாளியைக் கையில் பிடித்தபடி நிற்பது நான்தான். மறுக்கவில்லை. மூன்று மாதமாக நீ கூப்பிடும்போதெல்லாம் "அப்புறம் பேசுகிறேன்" என்று பதில் போட்டதற்கும் அதுதான் காரணம். நீயும் நானும் சேர்ந்து போவதாகப் பேசிப் பேசி, வாத்தியாரின் அட்லஸில் திருட்டுத்தனமாகப் பேனாவால் வட்டம் போட்டுவைத்தோமே, அந்தத் தீவுக்கு உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒட்டகத்தோடும் குட்டையோடும் போய்விட்டு வந்தேன். கேட்டால் வரமாட்டாய் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கிணற்று விஷயத்துக்கு அப்புறம் நீ முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லையே. இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும். திட்டுவதானால் கடிதத்தை இங்கேயே கீழே வைத்துவிட்டுத் திட்டி முடி, மீதி எங்கேயும் ஓடிவிடாது.

வீட்டில் எல்லோரும் சுகம். மகள் பரீட்சை எழுதிவிட்டாள். குட்டை மறுபடி வேலை மாறிவிட்டான், காரணத்தை அவன் வாயால் கேட்டால்தான் ருசி.

சரி, தீவு. பெயர் கோ பங்ஙான். தாய்லாந்து வளைகுடாவில், சாமுய் தீவுக்குக் கொஞ்சம் வடக்கே. ஙகர வரிசை முழுக்க எதற்கு இருக்கிறது என்று கேட்டு வாத்தியாரிடம் அடி வாங்கினாயே, அது இந்தத் தீவின் பெயரை எழுதத்தான். ஒட்டகம் கடைசிவரை 'பாங்கான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பாங்காக்கில் இரவு ரயில் ஏறி, விடிந்ததும் சூராட் தானியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் டோன் சாக் துறைக்குப் போய், அப்புறம் கப்பல். விமானத்தில் சாமுயில் இறங்கினால் சீக்கிரம் போகலாம்தான், ஆனால் குட்டை கணக்குப் போட்டால் எல்லாப் பயணமும் ரயிலில்தான் முடியும்.

போனது முழுநிலவுக் கொண்டாட்டத்துக்கு. ஹாட் ரின் என்று தீவின் தென்கிழக்கு மூலையில் ஒரு கடற்கரை. 1980களில் ஊர் சுற்ற வந்த சிலர் மூங்கில் குடிசைகளில் தங்கி நிலா வெளிச்சத்தில் பாடி ஆடியதில் தொடங்கியதாம், இப்போது கூட்டமான மாதங்களில் ஒரே ராத்திரிக்குப் பத்தாயிரம் இருபதாயிரம் பேர் வருகிறார்கள். நாங்கள் நாள் பார்த்து, சரியாகப் பௌர்ணமி அன்று மத்தியானம் போய் இறங்கினோம். ஊரே அமைதி. கடையில் பீர் கேட்டால் அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரிக்கிறாள். விசாரித்தால், அன்றைக்கு மாகா பூச்சா. நம் மாசி மகம்தான் மாப்ளே, அதே மக நட்சத்திரம், அதே நிலா! புத்தர் சொன்னதைக் கேட்க 1,250 துறவிகள் யாரும் அழைக்காமலே வந்து கூடிய நாள் என்று கொண்டாடுகிறார்கள். அதனால் அன்று கடையில் மது விற்கவில்லை, கொண்டாட்டம் ஒரு நாள் தள்ளி. யாரும் அழைக்காமல் வந்து கூடிய நாங்கள் மூன்று பேரும் இளநீர் குடித்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏந்தி கோயிலைச் சுற்றியவர்களை வேடிக்கை பார்த்தோம். குட்டையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் ராத்திரி ஒரு மணி வரை நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பத்தடிக்கு ஒரு பாட்டு, ஒன்று தேய்ந்து மறையும் இடத்திலேயே அடுத்தது காதில் ஏறும். தீப்பிடித்த கயிற்றைச் சுழற்றுகிறார்கள், போதையில் இருக்கிறவன் எல்லாம் அதைத் தாண்டிக் குதிக்கிறான், தடுக்கி விழுகிறவனுக்குக் கூட்டம் கை தட்டுகிறது. வாளியில் ஒரு குப்பி விஸ்கி, ஒரு சோடா, ஒரு சக்தி பானம், நான்கு உறிஞ்சுகுழாய். எவ்வளவு குடிக்கிறோம் என்றே தெரியாது, அதற்காகத்தான் வாளி. நம் வயதில் ஆடுகிற ஆட்களும் இருந்தார்கள், நான் அவர்களைவிட மோசமாக ஆடவில்லை என்று ஒட்டகமே ஒப்புக்கொண்டான்.

மூன்று மணிக்கு மேல் ஒன்று நடந்தது. ஒட்டகம் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான், எங்களுக்குள்ளேயே நாங்கள் அதைப் பேசவில்லை. கரையோரம் வரிசையாக நின்று சிறுநீர் கழிக்கிற கூட்டத்திலிருந்து ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, சிரித்துக்கொண்டே கடலுக்குள் நடந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பிக் கையாட்டினான். அடுத்த நிமிடம் கையாட்டுகிற இடம் தள்ளிப் போயிருந்தது, அப்புறம் இன்னும் தள்ளி. அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எங்காவது ஒரு வழியாகத் திரும்பிப் போக வேண்டுமல்லவா, அந்த வழியில் சிக்கினால் ஆளைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும், கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவோம், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தித்தான் தப்ப வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவ்வளவு போதையில் என்ன செய்வான். கத்தினோம். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கவில்லை. கடைசியில் தீக்கயிறு சுழற்றிய உள்ளூர் ஆள் ஒருவர்தான் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி, ஓரமாகச் சுற்றிப் போய் இழுத்து வந்தார். பையன் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி சிரித்தான். எனக்குக் கால் நடுங்கியது. கிணற்று மேட்டில் நின்று கத்தியது ஞாபகம் வந்தது, அன்றும் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்ததே, அந்தச் சத்தம். உன் கை என் சட்டையைப் பிடித்த பிடி. நீ அதைப் பற்றிப் பேசியதே இல்லை, நானும் கேட்டதில்லை.

விடிந்தபோது அந்தக் கரையில் சூரியன் நேர் எதிரே எழுந்தது, அழகுதான், அதற்கு முன்னால் ஒற்றைச் செருப்புகளும் குப்பிகளும் உறிஞ்சுகுழாய்களும். சாக்கோடு பெண்கள் வந்து பொறுக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் வாளியை வீசாமல் வைத்துக்கொண்டேன், அதுதான் என்னால் ஆனது.

இரண்டு நாள் கழித்து ஆங் தோங் போனோம். நாற்பத்திரண்டு தீவு, எல்லாம் சுண்ணாம்புப் பாறை, 1980 முதல் தேசியப் பூங்கா. அடியில் கடல் அரித்து உள்வாங்கி, மேலே காடு கவிந்து, ஒவ்வொன்றும் நின்றபடி தூங்குகிற யானை மாதிரி. மே கோ என்ற தீவில் செங்குத்தான படி ஏறினால் நடுவில் ஒரு பச்சை ஏரி. மலைக்குள் அடைபட்டது, ஆனால் உப்பு நீர், பாறைக்கு அடியில் கடலோடு தொடர்பு இருக்கிறதாம். படகில் ஏறும்போதே நாங்கள் பூசியிருந்த வெயில் களிம்பின் டியூபை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். பவளத்தைக் கெடுக்கிற நான்கு ரசாயனம் சேர்ந்த களிம்புக்கு 2021 முதல் கடல் பூங்காக்களில் தடை. குட்டையினுடையது பறிபோனது, மாலைக்குள் அவன் இறால் நிறத்துக்கு வந்திருந்தான்.

அப்புறம் என் வீரம். வாடகை ஸ்கூட்டரில் மலைச்சரிவு ஏறி இறங்கி, ஓட்டும்போது ஒன்றும் ஆகாமல், நிறுத்திவிட்டு வலப்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலை நேரே புகைக்குழாயில் வைத்தேன். தாய்லாந்து டாட்டூ என்றே அதற்குப் பெயராம், தீவில் பாதிப் பேர் அந்தக் கட்டோடுதான் நடக்கிறார்கள். என்னுடையது சீழ் பிடித்தது. கிளினிக்கில் மணலும் கடல்நீரும் படக் கூடாது, தினம் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடற்கரைத் தீவில் கடலைத் தொடக்கூடாத ஒருவன்!

மற்ற இருவரும் என்னை விட்டுவிட்டு அந்தமான் கடல் பக்கம் மாயா வளைகுடாவுக்குப் போனார்கள் (யார் யாரை விட்டுப் போவது என்று நீ சிரிப்பது கேட்கிறது). 2000இல் வந்த ஹாலிவுட் படத்தால் பிரபலமாகி, ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை மொய்த்து, நங்கூரத்தால் பவளமெல்லாம் நொறுங்கி, 2018இல் இழுத்து மூடினார்களே, அதே இடம். 2022இல்தான் திறந்தார்கள். இப்போது படகு பின்பக்கம்தான் நிற்கும், ஒரு வேளைக்கு 375 பேர், தண்ணீரில் முழங்கால் வரை மட்டும், தாண்டினால் விசில். குட்டைக்கு எரிச்சல். ஆனால் ஆளில்லாத காலத்தில் திரும்பி வந்த கருந்துடுப்புச் சுறாக்குட்டிகள் கரையோரமாகவே சுற்றுவதைப் பார்த்து, போனில் குழந்தை மாதிரிக் கத்தியவனும் அவன்தான். முழங்கால் வரை என்றதும் எனக்கு உன் நினைப்புதான் வந்தது.

நான் சலோக்லூம் என்ற வடகரை மீனவ ஊருக்கு அறை மாறினேன், கிளினிக் பக்கம், சத்தம் இல்லை. வேலையே இல்லாமல் ராத்திரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த வயதில் புரிந்த பாடம், நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக எழும் என்பது. நாளுக்கு நாள் இருட்டு நீண்டுகொண்டே போனது. ஒரு வாரம் ஆனதும் அடிவானத்தில் பச்சை விளக்குகள் ஒன்று, நான்கு, பத்து என்று வந்தன. கணவாய்ப் படகுகள். விளக்கைக் காட்டித்தான் கணவாயை மேலே இழுக்கிறார்கள், நிலா இருந்தால் கடல் முழுக்க வெளிச்சம், விளக்குக்கு மரியாதை இல்லை. அதனால் பௌர்ணமியை ஒட்டிப் பலர் கடலுக்குப் போகாமல் வலை பழுது பார்க்கிறார்களாம். தீவின் தென்கோடி எந்த ராத்திரிக்காகக் காத்துக்கிடக்கிறதோ அதே ராத்திரி வடகோடிக்கு விடுமுறை. (இருட்டையும் சும்மா விடவில்லை, அமாவாசைக்கு 'பிளாக் மூன் பார்ட்டி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் அந்தத் திசையிலேயே திரும்பவில்லை.)

அமாவாசைக்கு முந்தின ராத்திரி, நான் தங்கிய வீட்டுக்காரர் படகில் ஏற்றிக்கொண்டார். எஞ்சினிலிருந்து நீளக் கம்பி நீட்டி நுனியில் விசிறி மாட்டிய மரப்படகு. கட்டுப்போட்ட காலைப் பலகைமேல் நீட்டி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் எஞ்சினை அணைத்துவிட்டு, கையைத் தண்ணீரில் விடு என்று சைகை காட்டினார். விட்டேன். மாப்ளே, என் ஐந்து விரலும் எரிந்தன. நீலமும் பச்சையும் கலந்த பொடிப்பொடி வெளிச்சம், விரலை அசைத்தால் சிதறுகிறது, நிறுத்தினால் அணைகிறது. படகுக்கு அடியில் ஒரு மீன் கூட்டம் திரும்பியது, மின்னல் கோடு போட்ட மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள், தண்ணீர் கலங்கினால் உள்ளே ரசாயனம் கலந்து ஒரு நொடி ஒளிர்கின்றன, அவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கொண்டாட்ட ராத்திரி அந்தப் பத்தாயிரம் பேர் கால் பட்ட தண்ணீரிலும் அது இருந்திருக்கலாம், நிலா வெளிச்சத்தில் எவன் கண்டான்.

நான் எவ்வளவு நேரம் கையை எடுக்கவில்லை என்று தெரியாது. கரை திரும்பியபோது வீட்டுக்காரரின் மகன், ஆறு வயதுப் பொடியன், ஈர மணலில் ஓடிக்கொண்டிருந்தான். அவன் மிதித்த இடமெல்லாம் ஒரு கணம் வெளிச்சமாகி அணைந்தது. கணுக்கால்கூட நனையவில்லை அவனுக்கு.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும். நீ நீந்த வேண்டாம், படகில் ஏற வேண்டாம், கரையில் நடந்தால் போதும். எல்லா இருட்டிலும் தெரியும் என்று உறுதி கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மூன்று வருடம் என்னை வைத்துத் திட்டுவாய். சில மாதங்களில் பெட்டி ஜெல்லிமீன் வரும், உயிருக்கே ஆபத்து. கரையில் கம்பம் நட்டு வினிகர் குப்பி வைத்திருக்கிறார்கள், பட்ட இடத்தில் தேய்க்காமல் அதை ஊற்ற வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை அந்தப் பக்கம் மழை, ஆகாது. ஆடி அமாவாசைக்கு உனக்கு வேலை இருக்கும். ஆவணி அமாவாசை?

குட்டையும் ஒட்டகமும் வேண்டாம். டிக்கெட் இன்னும் போடவில்லை. இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எதுவும் செய்வதாக இல்லை. வரமாட்டேன் என்றால் அதையும் நீயே சொல்.

உன்
கோட்டான்

பி.கு.: அந்தப் படம் வாத்தியாருக்குப் போகவில்லை என்று மட்டும் சொல்.