அவசர அலைவரிசையில் பூனைக் கச்சேரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விமானிகள் ரேடியோவில் 'மியாவ்' என்று கத்தி விளையாடுவதைத் துணுக்குச் செய்தியாகப் போட்டிருந்தீர்கள். எந்த அலைவரிசையில் கத்துகிறார்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

அது 121.5 மெகாஹெர்ட்ஸ், விமானிகள் பேச்சில் 'கார்டு' (Guard, அதாவது காவல்). ஆபத்துக்கென்று உலகம் முழுக்க ஒதுக்கிவைத்தது. பயணிகள் விமானத்தில் ஒரு ரேடியோவில் கட்டுப்பாட்டு மையத்தோடு பேசிக்கொண்டே இன்னொன்றை இதில் திறந்து வைத்திருப்பார்கள். எஞ்சின் நின்றுபோன சின்ன விமானக்காரர் கூப்பிடலாம், அலைவரிசை எண்ணைத் தவறாக மாற்றிப் போட்டுத் தொடர்பு விட்டுப்போன விமானத்தைத் தேடி மையம் கூப்பிடலாம், சில சமயம் போர் விமானமே பக்கத்தில் வந்து கூப்பிடலாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம், அமெரிக்க வானில் பறப்பவர்கள் முடிந்தவரை இதைக் கேட்டபடியே பறக்க வேண்டும் என்று அரசு அறிவிப்பே உண்டு.

அங்கே போய் மியாவ்! உடனே 'இது கார்டு, கார்டு' என்று அதட்ட ஒரு கூட்டம் கிளம்பும். தெரியாமல் இதில் பேசிவிட்ட அப்பாவியையும் விடமாட்டார்கள், பல நேரம் அந்த அதட்டல்தான் பெரிய இரைச்சல். முப்பத்தைந்தாயிரம் அடியிலிருந்து பேசினால் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கும் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்று ஊளைதான் வரும், தாழப் பறந்து தவிக்கிறவரின் மெலிந்த குரல் அதில் அமுங்கிப்போகும்.

இதைவிட மோசம், சத்தம் பொறுக்காமல் விமானிகள் வால்யூமைக் குறைத்துவிடுவது. 2009 அக்டோபரில் சான் டியேகோவிலிருந்து மினியாபொலிஸ் போன நார்த்வெஸ்ட் விமானம், மையங்கள் மாறி மாறிக் கூப்பிட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிலே தராமல், இறங்க வேண்டிய ஊரை நூறு மைலுக்கு மேல் தாண்டிப் போனது. போர் விமானங்களைத் தயார் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். விமானிகள் இருவரும் மடிக்கணினியில் மூழ்கியிருந்தார்களாம், எப்போது இறங்குவோம் என்று பணிப்பெண் கேட்ட பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் பூனைச் சத்தம் இல்லை, சரி. ஆனால் அப்படி ஒரு விமானத்தை எட்டிப் பிடிக்க இருக்கிற கடைசி வழி இந்த 121.5தான், அதையும் காதிலிருந்து தள்ளிவைக்க இந்த மியாவ்காரர்கள் பழக்குகிறார்கள்.

நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். எங்கள் ரேடியோ அறைக் கடிகாரத்தின் முகப்பில் 15 முதல் 18 நிமிடம் வரை, 45 முதல் 48 வரை, சிவப்புப் பட்டை தீட்டியிருக்கும். நிமிட முள் அந்தச் சிவப்புக்குள் இருக்கும் வரை, கப்பல்களின் ஆபத்து அலைவரிசையான 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் மோர்ஸ் கீயைத் தொடக்கூடாது, கேப்டனின் அவசரத் தந்தியே காத்திருந்தாலும் சரி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்காவது எஸ்.ஓ.எஸ். கேட்கிறதா என்று காதைத் தீட்டி உட்கார்ந்திருந்துவிட்டு, கேட்டதை லாக் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். ராத்திரி டியூட்டியின் அலுப்பு எனக்குத் தெரியாததா! பேச ஆசையாக இருந்தால், கடல் மேல் பறக்கும்போது விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 123.45 என்று தனியாகவே இருக்கிறது, அங்கே போய்ப் பேசட்டும்.

கத்தியது யாரென்று கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். பிரிட்டனில் ஸ்வான்விக்கில் விமானப்படைப் பிரிவு ஒன்று இரவும் பகலும் 121.5-ஐக் கேட்டுக்கொண்டிருக்கிறது, சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பல நிலையங்களில் ஒப்பிட்டு இடத்தையே காட்டிவிடுகிறார்கள். வழி தவறியவருக்காக வைத்த ஏற்பாடுதான், மியாவ் போடுகிறவர் இருக்கும் இடத்தையும் அது காட்டும். அமெரிக்க விமானத் துறை அதை நாடு முழுக்க வைத்து, இரண்டு மூன்று பேரின் லைசென்ஸை ஆறு மாதம் முடக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோ அதிகாரி,
தூத்துக்குடி