மஞ்சப்பையில் இருக்கிறது எங்கள் ஒத்துழைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் கோவை மேற்குப் புறவழிச்சாலையைப் பற்றி அரைப்பக்கத்துக்குச் செய்தி போட்டிருந்தீர்கள். மதுக்கரைப் பக்கம் மைல்கல் என்ற இடத்தில் ஆரம்பித்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32.43 கிலோமீட்டர், மூன்று கட்டமாக வேலை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு வரி: "நில உரிமையாளர்கள் சிலர் ஒத்துழைக்காததால் தாமதம்." காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியையே நாலு தடவை படித்தேன். ஒத்துழையாமை என்றால் அது காந்தி நடத்திய இயக்கம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அது நடக்கிறது என்று உங்கள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

கணுவாய்க்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். தென்னையும் பாக்கும், கொஞ்சம் வாழையும். அளவைக்காரர்கள் வந்து கல் நட்டபோது எங்கள் வீட்டுக்காரர்தான் குடை பிடித்தார், நான் மோர் கொடுத்தேன். அதற்கப்புறம் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், மாமனார் இறந்ததால் வாரிசுச் சான்று என்று ஒரு மஞ்சப்பை நிறைய எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு அலைந்தார். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. ஒவ்வொரு அதிகாரி மாறும்போதும் அதே நகல்களை மறுபடி கேட்டார்கள். கடைசியாகப் போனபோது, "உங்க ஃபைல் இங்க இல்லீங்களே, எங்க கொடுத்தீங்க?" என்று எங்களையே விசாரித்தார்கள். இதில் ஒத்துழைக்காதது யார் என்று உங்களுக்குத் தெரியாதா? இந்த அலுவலகங்களை எங்களைவிட உங்கள் நிருபர்கள் அதிகம் பார்த்திருப்பார்கள்.

கல் விழுந்த நிலம் எப்படி இருக்கும் என்றும் யாராவது எழுத வேண்டாமா? கல்லுக்கு இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் தோப்பு. ரோடு வந்தால் தண்ணீர் எப்படிக் கடக்கும் என்று கேட்டேன். "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார் ஒருவர். நல்ல மனிதர்தான், அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். மகள் கல்யாணத்துக்கு முப்பது சென்ட் விற்கப் போனால், கல் நட்ட பூமி என்று வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வங்கியில் கடனும் இல்லை என்றார்கள். பட்டுப்போன தென்னைக்குப் பதில் கன்று வைத்தால் நஷ்டஈட்டுக்காக வைத்தது என்பார்கள். வைக்காமல் விட்டால் வெறும் காடு என்று எழுதிவிடுவார்கள். என்ன செய்வது? அந்தக் கல்லில் இப்போது எருமையைக் கட்டுகிறேன். அரசாங்கம் எங்களுக்குச் செய்த ஒரே வசதி அது.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சந்தை மதிப்பில் 100 சதவீதம் மேற்கொண்டு ஆறுதல் தொகை உண்டு என்கிறது 2013-ஆம் வருடத்துச் சட்டம். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தை மதிப்பு என்பதற்கு அவர்கள் பார்ப்பது அரசாங்கம் வைத்த வழிகாட்டி மதிப்பையும் பதிவான கிரயப் பத்திரங்களையும்தான். பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க நம் ஊரில் எல்லோரும் கிரயத்தைக் குறைத்துக் காட்டித்தானே எழுதுகிறோம்? அந்தத் தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த தோட்டக்காரர் மிச்சம் பிடித்ததற்கு என் தோப்பின் விலை குறைகிறதே.

எங்கள் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, இருகூர்ப் பக்கம் பூமி இருந்தது. நீலாம்பூரிலிருந்து மதுக்கரைக்கு 28 கிலோமீட்டர் புறவழிச்சாலை போட்டபோது அதில் ஒரு துண்டு போனது. தனியார் முதலீட்டில் போட்டு, சுங்கம் வாங்கி ஈடு கட்டுகிற ஏற்பாடு. கூடுதல் நஷ்டஈட்டுக்குக் கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு வருவதற்கு முன் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு அதே ரோட்டில் காரில் போகும்போதெல்லாம் சுங்கச்சாவடியில் காசு கொடுத்துவிட்டுத்தான் அவருடைய பூமியைத் தாண்டினோம். அவ்வளவு வாங்கியும் ரோட்டை இருவழியாகத்தான் போட்டார்கள். அங்கே நடந்த விபத்துகளை உங்கள் பேப்பரில்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். அவிநாசி சாலை மேம்பாலம் 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய். 2025 அக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முந்தின வருடம் உக்கடம் மேம்பாலம். நல்ல பாலங்கள்தான், நாங்களும் போகிறோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் மேற்குப் புறவழிச்சாலையில் மைல்கல்லிலிருந்து மாதம்பட்டி வரையிலான முதல் கட்டம் 11.80 கிலோமீட்டருக்குச் சுமார் 250 கோடி. அந்த வேலையே 2023-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் எத்தனை பட்ஜெட்டில் இந்த ரோட்டின் பேரைக் கேட்டிருப்போம்! மேம்பாலத்துக்குத் தூண் நட அரசாங்கத்தின் சொந்த ரோடே இருக்கிறது. எங்கள் ரோட்டுக்கு மட்டும் யாரோ ஒருவருடைய தோட்டம் வேண்டும். தோட்டத்துக்காரருக்குப் பணம் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்பதைத்தான், சுற்றி வளைத்து, "ஒத்துழைக்காததால்" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அப்படியே அச்சடித்துவிட்டீர்கள்.

ரோடு வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். பாலக்காட்டிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற லாரி எதற்காக ஊருக்குள் வந்து போக வேண்டும்? தடாகம் ரோட்டில் டிப்பர் லாரி போகிற வேகத்தில், பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடக் கையைப் பிடித்துக்கொண்டே ரோட்டோரம் நிற்கிறேன். எங்களைவிட அந்த ரோடு யாருக்கு வேண்டும்?

எனக்கு வேண்டியது சின்ன விஷயம்தான். கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒரு பலகை வைக்கச் சொல்லி எழுதுங்கள். எந்தப் புல எண் எந்த நிலையில் இருக்கிறது, விசாரணை முடிந்ததா, பணம் கொடுத்தாயிற்றா என்று அதில் எழுதி, மாதம் ஒரு தடவை திருத்தினால் போதும். யார் ஒத்துழைக்கவில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அந்த வரிக்குத் திருத்தம் போடுவது உங்கள் விருப்பம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறேன், வற்புறுத்த மாட்டேன்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டித்தான் போடுவீர்கள் என்று தெரியும். அப்பிச்சியை வெட்டினாலும் பரவாயில்லை, பலகையை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கணுவாய், கோவை