ஒரே காருக்கு மூன்று விலை: உங்கள் முகவர் மீது புகார்

அனுப்புநர்:
உங்கள் முகவரிடம் புதிய காருக்கு முன்பணம் கட்டியுள்ள வாடிக்கையாளர்

பெறுநர்:
தலைமை அதிகாரி,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: ஆளுக்கு ஆள் விலையை மாற்றிச் சொன்னது, கேட்காத பொருட்களைப் பில்லில் சேர்த்தது குறித்து நடவடிக்கை கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் காரை வாங்குவதற்காக உங்கள் முகவர் ஒருவரின் ஷோரூமில் முன்பணம் கட்டியிருக்கிறேன். எனக்கு எழுதிக் கொடுத்த விலை ஒன்று. பில் போடும் நாளில் காட்டிய விலை இன்னொன்று. அதே வண்டிக்கு என் தம்பியிடம் சொன்ன விலை மூன்றாவது. மூன்றுக்கும் ஆதாரம் இணைத்திருக்கிறேன். ஷோரூம் மேலாளரிடம் நேரில் முறையிட்டும், எழுதிக் கேட்டும் பதில் வராததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பேரம் பேசுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. விலை இன்னது என்று திறந்து சொல்லிவிட்டு, அதில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பேசினால் அது வியாபாரம். விலையையே சொல்லாமல் வாடிக்கையாளரைப் பேச வைத்து, அவர் எவ்வளவு வரை தாங்குவார் என்று ஆழம் பார்ப்பதை வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து வண்டி என் கைக்கு வர மொத்தம் எவ்வளவு? அதற்கு விற்பனையாளர், “மாசம் எவ்வளவு கட்ட முடியும் மேடம்?” என்று திருப்பிக் கேட்டார். தவணையைப் பிறகு பார்க்கலாம், ஆன்ரோடு விலையை முதலில் சொல்லுங்கள் என்றேன். “சார் வரலையா? அவரும் வந்தா பேசி முடிச்சிடலாம்” என்றார். என் சம்பாத்தியத்தில், என் பெயரில், நான் ஓட்டப்போகும் வண்டி அது. எந்தச் சாருக்காக விலை காத்திருந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் பெரிய கூட்டல் குறி போட்டார். நான்கு கட்டங்கள். ஒன்றில் புது வண்டியின் விலை, ஒன்றில் என் பழைய வண்டிக்கு அவர்கள் தரும் விலை, ஒன்றில் கையிலிருந்து கட்டும் பணம், கடைசியில் மாதத் தவணை. பழைய வண்டிக்குக் கூட்டிக் கேட்டேன். கூட்டினார்; அதே கையோடு புது வண்டிக்குச் சொல்லியிருந்த தள்ளுபடியை அடித்தார். தவணை அதிகமாக இருக்கிறது என்றேன். “மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்” என்று உள்ளே போய் வந்து தவணையைக் குறைத்து எழுதினார். எப்படிக் குறைந்தது என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. தாளின் ஓரத்தில் 60 என்று இருந்ததை அடித்துவிட்டுச் சின்னதாக 84 என்று எழுதியிருந்தது. ஐந்து வருடக் கடன் ஏழு வருடமாகியிருந்தது.

அந்த 84 சாதாரண விஷயம் இல்லை. ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி, நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையும் முறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடனாக வாங்கும் ஒவ்வொரு 100-க்கும் ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 27-க்கு மேல் போகும். ஏழு வருடத்தில் அது 39-ஐத் தாண்டிவிடும். தவணை குறைந்ததே என்று எழுந்து போகிறவர், வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். இதில் அவர்கள் காட்டியது ஃப்ளாட் வட்டி. 7 சதவீதம்தான் என்று அழுத்திச் சொன்னார். ஃப்ளாட் முறையில் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போடுவார்கள். ஐந்து வருடக் கடனுக்கு ஃப்ளாட் 7 என்பது குறையும் நிலுவைக் கணக்கில் ஏறக்குறைய 12.5 சதவீதம். இதை நான் சொன்ன பிறகுதான் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு மொத்த விலையை எழுதித் தந்தார். அதுதான் முதல் ஆதாரம். அதை நம்பித்தான் முன்பணம் கட்டினேன்.

அதே வாரத்தில் என் தம்பி அதே ஷோரூமுக்குப் போய் அதே மாடல், அதே வேரியன்ட், அதே நிறத்துக்கு விலை கேட்டான். என்னைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. அவனிடம் யாரும் மாதத் தவணை பற்றிக் கேட்கவில்லை. யாரையும் அழைத்து வரச் சொல்லவும் இல்லை. உட்கார்ந்ததும் ஆன்ரோடு விலையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்குத் தந்ததைவிடக் குறைவு. அவனும் என்னைப் போலக் கடனில்தான் வாங்குவதாகச் சொல்லியிருந்தான். மேலாளரிடம் இரண்டு தாள்களையும் காட்டினேன். “அது வேற ஆஃபர் மேடம்” என்றார். என்ன ஆஃபர், யாருக்கு உரியது, எந்தத் தேதி வரை என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இது தற்செயலாக நடந்தது என்று நீங்கள் சொல்லலாம். இயன் ஏர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் இதையே சோதித்து 1995-ல் வெளியிட்டிருக்கிறார்கள். கார் ஷோரூம்களுக்கு ஆட்களை இணை இணையாக அனுப்பி, எல்லோரையும் ஒரே மாதிரி, சொல்லிக் கொடுத்தபடியே பேரம் பேச வைத்தார்கள். அப்படி 300-க்கும் மேற்பட்ட சோதனைகள். வெள்ளை இன ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டது. பேச்சு ஒன்றுதான், பேசிய ஆள்தான் வேறு. “நல்லா பேசத் தெரிஞ்சா விலை குறையும்” என்று எனக்கு அறிவுரை சொன்ன உங்கள் மேலாளருக்கு இதைத் தெரியப்படுத்துங்கள்.

பில் போடும் நாளில் நடந்தது இன்னும் மோசம். நான் கேட்காத பெயின்ட் கோட்டிங், சீட் கவர், நீட்டித்த வாரண்டி, கூடவே “ஹேண்ட்லிங்” என்று ஒரு கட்டணம் எல்லாம் பில்லில் ஏறியிருந்தன. எடுத்துவிடுங்கள் என்றால், கோட்டிங் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்கிறார்கள். யார் சொல்லிப் போட்டார்கள்? என் கையெழுத்து எந்தத் தாளில் இருக்கிறது? “எல்லாரும் எடுத்துக்குவாங்க மேடம்” என்பதுதான் பதில். ஹேண்ட்லிங் கட்டணம் எதற்கு என்பதற்கு அந்தப் பதில்கூட இல்லை.

முகவர் தனி நிறுவனம், விலையில் நாங்கள் தலையிட முடியாது என்று நீங்கள் கை கழுவிவிடக் கூடாது. இந்த மாத இலக்கை எட்டினால்தான் கம்பெனியிடமிருந்து ஊக்கத்தொகை வரும், அதனால்தான் இன்றைக்கே முடிக்கச் சொல்கிறேன் என்று அந்த விற்பனையாளரே என்னிடம் சொன்னார். அந்த இலக்கை வைத்தது நீங்கள். “இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை” என்ற அவசரம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் செய்கிறார். அவர் வேலைக்கு எந்தக் குறையும் வரக் கூடாது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

விலையைத் திறந்து வைப்பது நடக்காத காரியமும் இல்லை. காரின் பரிந்துரை விலை, கூடுதல் பொருட்கள் ஒவ்வொன்றின் விலை, வண்டியைக் கொண்டுவந்த செலவு எல்லாவற்றையும் கண்ணாடியிலேயே ஒட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் 1958-லேயே சட்டம் போட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1990-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த சாட்டர்ன் கார்கள் பேரமே இல்லாத விலையில் விற்கப்பட்டன. தயாரிப்பாளர் நினைத்தால் செய்ய முடியும்.

நான் கேட்பது இதுதான். என் தம்பிக்கு எழுதிக் கொடுத்த அதே விலைக்கு, நான் கேட்காத பொருட்களும் ஹேண்ட்லிங் கட்டணமும் இல்லாமல் எனக்கு வண்டியைத் தர வேண்டும். எனக்கு ஒதுக்கியுள்ள வண்டி எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்பதையும் எழுத்தில் தர வேண்டும். போன வருட வண்டியைப் புது வருட விலைக்கு வாங்க நான் தயாராக இல்லை. இது முடியாது என்றால் முன்பணம் முழுவதையும், ரத்துக் கட்டணம் என்று எதையும் பிடிக்காமல் திருப்பித் தர வேண்டும். என் பழைய வண்டியை நான் வெளியே விற்றுக்கொள்கிறேன். அதை இந்தக் கணக்கில் இனி யாரும் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று, இது எனக்காக மட்டும் இல்லை. விலை கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும், தனியாக வரும் பெண்ணாக இருந்தாலும் சரி, யாராக இருந்தாலும் சரி, தவணைப் பேச்சு தொடங்கும் முன்பே மொத்த விலையை வரிவரியாகப் பிரித்து, தேதியும் முத்திரையும் போட்டுத் தர உங்கள் எல்லா முகவர்களுக்கும் உத்தரவிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் சமாதானம் பேச வேண்டாம். பதில் வராவிட்டால் இதே ஆதாரங்களுடன் நுகர்வோர் அமைப்பை அணுகுவேன்.

இணைப்பு: எனக்கு எழுதிக் கொடுத்த விலைத்தாள், தம்பிக்கு எழுதிக் கொடுத்த விலைத்தாள், பில் நகல், முன்பண ரசீது, நான்கு கட்டம் போட்ட தாளின் புகைப்படம்.

இப்படிக்கு,
முன்பணம் கட்டிய வாடிக்கையாளர்