விமலாவுக்கு, மன்னாரிலிருந்து

அன்பின் விமலா,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியே. கழுதைகளும் அப்படியே, போன கிழமை ஒன்று பள்ளிக்கூடக் கேற்றடியில் படுத்து அதிபரையே உள்ளே விடவில்லை. உன்னைத்தான் நினைத்துச் சிரித்தோம், ஏன் என்று கேளாதே.

சரி, விசயத்துக்கு வருகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் காற்றாலைக் கதைதான். 2020இல் எங்கள் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் எழும்பினபோது எல்லாரும் முன்னால் நின்று படம் பிடித்தோமே! பிறகு 250 மெகாவாட்டில் இந்தியக் கம்பனி ஒன்றின் திட்டம் வந்தது. பறவைகளுக்குக் கேடு என்று சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. மத்திய ஆசியாவிலிருந்து இறங்குகிற பறவைகளுக்கு எங்கள் தீவு ஒரு தலைவாசல். இங்கே பிடித்துக் கருவி பூட்டிவிட்ட கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் வடகோடி வரை போனது உனக்கும் தெரியும். ஆனால் 2025 மாசியில் அந்தக் கம்பனி விலகினது பறவைகளுக்காக இல்லையடி. மின்சார விலையில் அரசாங்கத்தோடு வந்த இழுபறியால். பூநாரைப் பறவை வென்றது என்று இங்கே சிலர் கொண்டாடினதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு.

சந்தியாகு மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பூநாரைக்கு வழக்குப் பேச ஆள் இருக்கு பிள்ளை, எனக்கு ஆர்?" என்றார். காற்றாலைக் கோபுரங்களுக்குப் போக றோட்டுகளை உயர்த்தின பிறகு மழைத்தண்ணீர் கடலுக்கு ஓடவில்லை, வளவுக்குள்ளேயே நிற்குது என்பது அவருடைய முறைப்பாடு. தீவே தட்டை, சில இடம் கடல்மட்டத்துக்கும் கீழே. இதற்குள் இல்மனைற் என்கிற கனிமத்துக்காக மணல் தோண்டுகிற கதை வேறு. 2025 ஆவணியில் வேறொரு திட்டத்துக்குக் காற்றாலைச் சாமான் ஏற்றிவந்த லொறிகளைச் சனம் மறித்தபோது மாமாவும் இரவிரவாக றோட்டில் இருந்தார். வெற்றிலைப் பையோடுதான், வேறெப்படி.

எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. தம்பிக்குக் காற்றாலையில்தான் வேலை. "டீசல் புகைதான் நல்லமோ?" என்று கேட்கிறான். நல்லதில்லை. காற்றாலை வேண்டாமென்று நான் சொல்லவுமில்லை. 26 கிலோமீற்றர் நீளத் தீவுக்குள் எல்லாவற்றையும் கொண்டுவந்து குத்துவானேன், பெருநிலத்தில் இடமா இல்லை என்றுதான் கேட்கிறேன். இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் என்னை முறைக்கிறது.

போன சனிக்கிழமை வங்காலைப் பறவைச் சரணாலயப் பக்கம் போனேன். பூநாரை வந்துவிட்டது. கிட்டப் பார்த்தால் வடிவெல்லாம் இல்லை, சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கி, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துத் தின்கிறது. இளசுகள் இன்னும் சாம்பல் நிறம். இந்தச் சேற்று இறாலும் பாசியும் தின்றுதான் சிவக்க வேண்டும். அந்தத் தண்ணீர் ஓரடி கூடினாலும் அதற்குத் தீன் எட்டாது, வற்றினால் தீனே இல்லை. மழைத்தண்ணீர் எந்த வழியால் ஓடுகிறது என்பதில்தான் அதன் சீவியமும், மாமாவுடைய சீவியமும். இதை ஏன் இரண்டு வழக்காகப் பிரிக்கிறார்கள்? பறவை என்றால் கொழும்பு கேட்கும், வளவுக்குள் வெள்ளம் என்றால் "பார்ப்பம்" என்னும். எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது விமலா. அடுத்த பெருமழைக்கு அம்மாவை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று இரவில் யோசிக்கிறேன்.

அதனால் அரசாங்கத்துக்கு ஒரு மகஜர் எழுதியிருக்கிறேன், பறவையையும் வெள்ளத்தையும் ஒன்றாக வைத்து. சிங்களத்தில் போனால்தான் வாசிப்பார்கள். எங்களில் சிங்களம் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நீ ஒருத்திதான், அந்தக் காலத்துக் காதல் கடிதங்களே சாட்சி. மூன்று பக்கம். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். மாமா சொன்னதில் ஒரு சொல்லும் மெருகூட்டாதே, கெட்ட வார்த்தையை மட்டும் எடுத்துவிடு.

அன்புடன்,
ஜெசி