ஹெர்மனுக்குப் பசிக்கும்

ஹரோ, லண்டன்,
செவ்வாய் இரவு

என் அன்பு மகளுக்கு,

வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வருகிறதில்லை. அதுதான் கடுதாசி எழுதுகிறேன். முதலாம் வகுப்பு முத்திரை ஒட்டியிருக்கிறேன், வியாழக்கிழமை கையில் கிடைக்கும். வியாழன் என்றால் ஆறாம் நாள். சின்ன மாமா ஹெர்மனைக் கொண்டுவந்து தந்த சனி முதலாம் நாள், எண்ணிப் பார். நான்காம் நாள் அந்தக் கேக் மாவுக்குத் தீனி போட்டாயோ? போடாவிட்டால் இதை வாசித்த கையோடு போய்ப் போடு. கோதுமை மா ஒரு கப், சீனி ஒரு கப், பால் ஒரு கப். வடிவாகக் கலக்கு. மர அகப்பையால்.

கதவடியிலேயே பையை வாங்கிக்கொண்டாய் என்று சின்ன மாமா சொன்னார். நானூறு மைல் ஓடி வந்த மனுசனுக்கு ஒரு தேத்தண்ணியாவது கொடுத்திருக்கலாம். அவர் குறையாகச் சொல்லவில்லை, "பிள்ளை களைச்சுப்போய் இருக்கிறாள் அக்கா" என்றுதான் சொன்னார். குறையாக எடுத்தது நான்தான். மெலிந்திருந்தாயோ, யன்னல் சீலை திறந்திருந்ததோ என்றெல்லாம் கேட்டேன். ஒன்றையும் கவனிக்கவில்லையாம். ஆம்பிளைகளைத் தூது விட்டால் இப்படித்தான்.

சரி, ஹெர்மனுக்கு வருவோம். பேப்பரில் எல்லாம் எழுதி வைத்தேன், ஆனால் நீ பேப்பரை வாசிக்கமாட்டாய் என்று தெரியும். எனக்கு அதைத் தந்தது எதிர்வீட்டு ஜெர்மன்காரி. எண்பதுகளில் அவளுடைய ஊரில் வீடு வீடாக இந்தக் கேக் மாவைக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். ஒன்பதாம் நாள் திரும்பத் தீனி போட்டு நாலாகப் பிரித்து, மூன்றை மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றில் நீ கேக் சுட வேண்டும். அப்பா உடனே கல்குலேட்டரை எடுத்தார். எல்லோரும் ஒழுங்காகக் கொடுத்தால் ஒன்பதாவது சுற்றில் மட்டும் 19,683 பேர் கைக்குப் போய்விடுமாம், அதுவும் மூன்று மாதத்துக்குள். "சனம் காணாது" என்றார். எனக்கோ மூன்று பேரைப் பிடிப்பதே பெரும்பாடாகப் போச்சு. கோயில் அன்ரி ஒன்று எடுத்தா. கீழ்த்தெருப் போலந்துப் பிள்ளைக்கு ஒன்று. மூன்றாவதுக்கு ஆள் தேடவில்லை.

பால் வெளியில் கிடந்தால் பழுதாகிவிடாதோ என்று நீ கேட்பாய். ஆகாது. ஈஸ்ட் சீனியைத் தின்று குமிழி விடும், மா புளிக்கும், அந்தப் புளிப்புக்குள் கெட்டது கெதியில் வராது. அம்மம்மா அப்பத்துக்குக் கள்ளு விட்டுக் கரைத்து வைப்பாவே, அதே சங்கதிதான். அவ இருந்திருந்தால் இதைப் பார்த்து, "வெள்ளைக்காரன் கள்ளில்லாமலே கண்டுபிடிச்சிட்டானே" என்றிருப்பா. தயிருக்கு விடும் உறையும் அப்படித்தானே, எங்கள் அடுப்படிக்கும் பக்கத்து வீட்டுக்குமாக ஒரே உறை எத்தனை வருசம் போய்வந்தது. விளக்கு வைத்த பிறகு மட்டும் கொடுக்கமாட்டா.

மூடியை இறுக்கி மூடாதே, காற்றுப் பிடித்து வெடிக்கும். துணி போட்டு மூடு. பிரிஜ்ஜில் வைக்கக்கூடாது என்று பேப்பரில் இருக்கிறது. வைத்தால் சாகாது, நித்திரை கொள்ளும், அவ்வளவுதான். ஏலாவிட்டால் வை. ஆனால் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உனக்கும்தான் சொல்கிறேன். சோறு வடித்தாயோ இன்றைக்கு? மருமகன் தம்பி சமைக்கிறாரோ? அவர் நல்ல பிள்ளை, அவரிடம் கோபத்தைக் காட்டாதே. காட்டுகிறாய் என்று சொல்லவில்லை.

இன்னுமொன்று, இது முக்கியம். மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் மாதிரி நின்று, பியர் மணம் வந்தால், செத்துப்போச்சு என்று நினைத்து ஊற்றிவிடாதே. அது பசி. கலக்கிவிட்டுத் தீனி போட்டால் அடுத்த நாள் பொங்கும். றோஸ் நிறமோ பூஞ்சணமோ கண்டால் மட்டும் எறி. தண்ணீர் நிற்பது சாவில்லை. எனக்கு இது இந்த மாதம்தான் தெரியும், அந்த ஜெர்மன்காரி சொல்லி. அவள் சொன்ன நேரம் தொட்டு எனக்கு நித்திரை இல்லை.

நீ ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தால் ஒரு ஹெர்மன் கொண்டுவந்தாய். நினைவிருக்கோ? நினைவிருக்கும். நீல ஐஸ்கிரீம் வாளியில் போட்டு, குசினி யன்னலடியில் வைத்து, காலமையும் பின்னேரமும் கதிரையில் ஏறி நின்று கலக்குவாய். மூன்று வெறும் மாஜரின் டப்பாவைக் கழுவி, மூன்று கூட்டாளிகளின் பெயரை ஃபெல்ட் பேனாவால் எழுதி, அலுமாரிக்கு மேலே அடுக்கி வைத்திருந்தாய். எட்டாம் நாள் அத்தை ரொறன்ரோவிலிருந்து வந்தா. குசினி முழுக்கக் கள்ளுத் தவறணை மணம். அத்தைக்கு மூக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். அப்பா குடிக்கிறார் என்று கனடா முழுக்கக் கதை போகும் என்று பயந்து, மேலே தண்ணீரும் நிற்கக் கண்டு, வாளியோடு சிங்க்கில் ஊற்றினேன். சுடுதண்ணீரும் விட்டுக் கழுவினேன்.

நீ வந்து வெறும் வாளியைப் பார்த்தாய். "நீ கலக்க மறந்திட்டாய், அதுதான் செத்துப்போச்சு" என்று சொன்னேன். நீ மறக்கவில்லை. அன்று காலமையும் சப்பாத்தைப் போட்டபடி கதிரையில் ஏறிக் கலக்கிப்போட்டுத்தான் போனாய். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

நீ அழவில்லை. அந்த மூன்று டப்பாவையும் நீயே எடுத்துக் குப்பையில் போட்டாய். அதற்குப் பிறகு நீ மீன் வளர்க்கக் கேட்கவில்லை, ஒரு பூக்கன்று வைக்கவில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் சனங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மார்ச்சில் ஆஸ்பத்திரியில், "என்ர கையில ஒண்டும் தங்காதம்மா, உங்களுக்குத் தெரியும்தானே" என்று நீ சொன்னாய். "உங்களுக்குத் தெரியும்தானே" என்றால் எது என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் வாய் திறக்காமல் உன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருபது வருசத்துக்கு முதல் சொல்லியிருக்க வேண்டும். நீ ஒன்றையும் சாகவிடவில்லை குஞ்சு. நான்தான் ஊற்றினேன்.

கோபம் வந்தால் வரட்டும். கோபத்தோடாவது கோல் எடு.

ஞாயிறு ஒன்பதாம் நாள். உனக்கு மூன்று பேரைத் தேட மனமில்லாவிட்டால் தேடாதே, டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வை, கிடக்கும். திங்கள் கேக்குக்கு மா இரண்டு கப், சீனி ஒரு கப், முட்டை இரண்டு, எண்ணெய் முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைய, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, கறுவாத்தூள், முந்திரிகை வற்றல், அப்பிள் இரண்டு. அப்பிளைத் தம்பியை வெட்டச் சொல்லு. ஓவனில் 180 டிகிரி, முக்கால் மணித்தியாலம். சுடாவிட்டாலும் காரியமில்லை, கலக்கினால் போதும். அப்பாவுக்குப் பிரஷர் பரவாயில்லை. தோட்டத்தில் கறிவேப்பிலைக்குக் குளிர் பிடித்துவிட்டது, உள்ளே எடுத்து வைத்திருக்கிறேன்.

சின்ன மாமா அடுத்த சனியும் கிளாஸ்கோவுக்கு வருகிறாராம். முன் சீட்டு வெறுமையாகத்தான் கிடக்கும் என்கிறார். வர வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு சொல் அனுப்பு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஒன்றும் அனுப்பாவிட்டால் வருவேன்.

அம்மா

மூடியை இறுக்கவில்லைத்தானே?