நான் எப்போதும் நரி பக்கம்தான், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. பையன் பள்ளியில் பக்கத்தில் இருந்தவனை ஸ்கேலால் அடித்துவிட்டான், டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார், அன்றைக்கே வீட்டில் துரத்தல் கார்ட்டூன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன் என்றாய். சரி, அது அப்பாவாக நீ எடுத்த முடிவு. ஆனால் போனை வைக்கும்முன் ஒன்று சொன்னாயே, "அந்த நரி ஒரு மடையன்க்கா, திரும்பத் திரும்பப் போய் விழறதைப் பார்த்து இவன் என்ன கத்துக்கப் போறான்?" என்று. ரோட் ரன்னர் கார்ட்டூனில் பாலைவனத்தில் ஒரு பறவையைத் துரத்துகிற நரியைத்தான் சொன்னாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். இதே கேள்வியைக் கேட்கிற பெற்றோர் இன்னும் பலர் இருப்பதால், எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

சேலம் அம்மாபேட்டை வீட்டில் நமக்கு டிவி இல்லை. எதிர்வீட்டில்தான் கேபிள் இழுத்திருந்தார்கள். கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது 1995இல். நம் தெருவுக்கு வந்துசேர இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆனது. பள்ளி விட்டதும் பையைத் தறிக்குழி ஓரம் போட்டுவிட்டு ஓடுவோம். ராத்திரி ஆகிவிட்டால் அதே சேனலில் பழைய ஆங்கிலப் படம் ஆரம்பித்துவிடும், அதற்குள் பார்த்தாக வேண்டும். நம் இருவருக்கும் ஆங்கிலம் ஒரு வரி புரியாது. அந்தப் பாலைவனப் படத்துக்கு அது தேவையே படவில்லை. அதன் பெயர்கூடத் தெரியாமல் நாம் வைத்த பெயர் 'பீப்பீப் படம்'. நீ பறவை பக்கம், நான் நரி பக்கம். நீ ஜெயித்துக்கொண்டே இருந்தாய்.

அது நம் ஊர் நரி இல்லை. கயோட்டி என்று வட அமெரிக்காவில் திரிகிற காட்டு நாய் இனம். ஓநாய்க்கும் நரிக்கும் பங்காளி. அந்தப் பறவை ரோட் ரன்னர், குயில் குடும்பத்தைச் சேர்ந்தது. நான் வேலை விஷயமாக வாரம் இரண்டு நாள் ஏற்காடு போய்வருகிறேன் இல்லையா, பஸ் வளைவில் மெதுவாகத் திரும்பும்போது சாலையோரப் புதரிலிருந்து ஒரு செம்போத்து இறங்கி, தலையை நீட்டி, வாலைத் தாழ்த்தி, குறுக்கே ஓடி மறையும். அதுவும் குயில் குடும்பம்தான். பறக்கச் சோம்பல், ஓடத்தான் பிரியம். பல்லி, ஓணான், பாம்புக்குட்டி வரைக்கும் பிடித்துத் தின்னும். அந்தப் பாலைவனப் பறவையும் அப்படியே, விஷப்பாம்பையே அடித்துத் தின்கிற பறவை. முதல்முறை இது தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீ கைதட்டிய பறவையின் உறவுக்காரன் நம் மலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. நிஜத்தில் கயோட்டி மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அந்தப் பறவை ஓடுவது அதில் பாதிதான். உண்மையான பந்தயம் என்றால் முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும். அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டவர்கள் இயக்குநர் சக் ஜோன்ஸும் கதை எழுதிய மைக்கேல் மால்ட்டீஸும். வார்னர் பிரதர்ஸில் 1949இல் முதல் படம் வந்தது. அந்த 'பீப் பீப்' எங்கிருந்து வந்தது தெரியுமா? அதே ஸ்டுடியோவில் பின்னணி ஓவியம் வரைந்த பால் ஜூலியன், கை நிறையப் படங்களைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் வரும்போது, எதிரே வருகிறவர்கள் ஒதுங்குவதற்காக வாயால் எழுப்பிய சத்தம். அதைக் கேட்டுத்தான் பறவைக்கு வைத்தார்கள். குரலும் அவருடையதே.

இப்போது உன் 'மடையன்' விஷயத்துக்கு வருகிறேன்.

சக் ஜோன்ஸ் இந்தப் படங்களுக்கென்று சில விதிகளைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். பறவை நரிக்கு எந்தக் கெடுதலும் செய்யக்கூடாது, பீப் பீப் என்று கத்துவதைத் தவிர. வெளியிலிருந்து எந்தச் சக்தியும் நரியைக் காயப்படுத்தக்கூடாது. அதன் கைப்பிசகும், படத்தில் வருகிற ஆக்மி கம்பெனியிலிருந்து வாங்கிய சாமான் கைவிடுவதும் மட்டுமே அதை வீழ்த்த வேண்டும். அதற்கு மிகப்பெரிய எதிரி புவியீர்ப்பு. அடிபடுவதைவிட அவமானப்படுவதே அதிகமாக இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் அது நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், வெறி பிடிக்காமல் இருந்தால். அப்புறம் நான் இரண்டு முறை படித்த விதி: பார்ப்பவர்களின் அனுதாபம் நரியிடமே இருக்க வேண்டும்.

இத்தனை வருஷம் கழித்து எனக்குத் தீர்ப்பு வந்தது மாதிரி இருந்தது, தம்பி. எதிர்வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் பறவைக்குக் கத்தியபோது நான் ஒருத்தி நரிக்காகப் பேசினேனே, அந்தப் படத்தை எடுத்தவரும் என் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.

விதிகளை இன்னொரு முறை பார். யாரும் யாரையும் அடிப்பதில்லை. பறவை தன் பாட்டுக்குத் தன் சாலையில் போகிறது. நரி பாறையைத் தூக்கி நிறுத்துகிறது, ராக்கெட்டைக் காலில் கட்டுகிறது, மலைப் பாறையில் சுரங்கப்பாதை மாதிரியே வரைந்து வைக்கிறது. பறவை அந்த ஓவியத்துக்குள் புகுந்து போய்விடும், நரி போனால் முட்டிக்கொள்ளும். விழுந்தால் அது தான் செய்ததனால் விழுகிறது, பழியை இன்னொருவர் மேல் போடுவதில்லை. எழுந்து, புதிதாக ஒரு படம் வரைந்து, அடுத்த சாமானுக்கு எழுதிப் போடுகிறது. இதையா நீ மடத்தனம் என்கிறாய்? நம் அப்பாவுக்குப் புது டிசைன் பிடிபடாத மாதங்களில் அவர் வேறென்ன செய்தார்?

அப்பாவைச் சொன்னதும், தறியில் டிசைன் விழவைக்கிற ஜக்கார்டு அட்டைதான் ஞாபகம் வருகிறது. ஒரு ஊடை இழைக்கு ஒரு அட்டை. துளை இருக்கிற இடத்தில் பாவு இழை தூக்கும், இல்லாத இடத்தில் கிடக்கும். ஒரு புட்டாவுக்கே கத்தை கத்தையாக அட்டை கோத்துத் தொங்கும். ஒரு அட்டை இடம் மாறினால் மயிலின் மூக்கு உடைந்துவிடும் என்று அப்பா இரவெல்லாம் அவிழ்த்துக் கட்டுவார். கார்ட்டூனும் அதே வேலைதான். ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம். ஆறு நிமிடப் படத்துக்கு 8,640. அதற்கான ஓவியங்கள் எல்லாம் மனிதர் கையால் வரைந்து, பென்சில் கோட்டை மை கோடாக்கி, வண்ணம் பூசி, ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு அடியில் வைத்து எடுத்தவை.

அதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சின்ன வயசில் ஏற்காட்டு மலை விளிம்பில் இருக்கிற லேடீஸ் சீட்டுக்குப் போனோமே, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே சேலத்தைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய், "நரி இங்கிருந்து விழுந்தா எவ்ளோ நேரம் ஆகும்க்கா?" அம்மா உன் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். உன் கேள்வியை சக் ஜோன்ஸ் ஃபிரேம் கணக்கில் யோசித்து வைத்திருக்கிறார். விளிம்பிலிருந்து விழுந்த நரி புள்ளியாகச் சிறுத்து மறைய 18 ஃபிரேம். அப்புறம் எதுவும் நடக்காத 14 ஃபிரேம். அதற்கப்புறம்தான் தரையில் அந்தச் சின்னத் தூசிப் படலம். 13 என்றாலும் சிரிப்பு வரவில்லை, 15 என்றாலும் வரவில்லை, 14இல்தான் வந்தது என்கிறார். 14 ஃபிரேம் என்பது அரை வினாடியைவிடக் கொஞ்சம் கூட. அந்த இடைவெளியில்தான் நாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதை ஒரு மனிதர் எங்கோ உட்கார்ந்து, நமக்காக, ஒரு ஃபிரேம் கூட்டி ஒரு ஃபிரேம் குறைத்துப் பார்த்திருக்கிறார்.

விழுவதற்கு முந்தின கணமும் அப்படித்தான். மலை முடிந்துவிட்டது, நரி வெறும் காற்றில் நிற்கிறது, ஆனால் விழவில்லை. கீழே பார்க்கிறது, பிறகு நம்மைப் பார்க்கிறது. அந்தக் கண்ணில் வருகிற புரிதல் இருக்கிறதே, அதை எந்த நடிகரும் என்னிடம் அவ்வளவு நேராகக் காட்டியதில்லை. பாட்டி சொன்ன கதையில் காக்காவிடமிருந்து வடையைத் தட்டிப் பறிக்கிற நரியைத்தான் எனக்குத் தெரியும். ஏமாறுகிற நரியை, ஏமாந்தது தனக்கே தெரிந்துவிட்ட நரியை, முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன்.

உன் பக்கத்திலும் நியாயம் உண்டு. பூனையும் எலியும் துரத்துகிற டாம் அண்ட் ஜெர்ரியைப் பற்றி நீ சொன்னால் பாதி ஒத்துக்கொள்வேன். 1940இல் ஹன்னாவும் பார்பராவும் ஆரம்பித்தது, 7 ஆஸ்கர் வாங்கியது, இசையும் நேரக்கணக்கும் அபாரம். ஆனால் அதில் ஒருவரை ஒருவர் அடிக்கிறார்கள். கதவிடுக்கில் வாலை நசுக்குகிறார்கள், தலையில் சட்டியால் போடுகிறார்கள். அந்தக் காலத்துப் படங்கள் சிலவற்றில் கறுப்பின மக்களைக் கேலி செய்கிற காட்சிகளும் இருக்கின்றன, அவற்றைக் குழந்தைக்கு முன்னால் சும்மா ஓடவிடக்கூடாது. அஞ்சு வயசுப் பையன் ஸ்கேலை எடுத்தது அங்கிருந்து வந்ததா, வகுப்பில் வேறெதாவது நடந்ததா என்று தெரியாது. அவனிடமே உட்கார்ந்து கேள். பூனை எலியைக் கொஞ்ச நாள் தள்ளிவை, வேண்டுமானால் பக்கத்தில் இருந்து பார். ஆனால் அதையும் பாலைவனத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதே.

நான் ஏன் நரி பக்கம் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

வாழப்பாடிப் பக்கம் அம்மாச்சி ஊருக்கு ஒரு பொங்கலுக்குப் போயிருந்தோம், நீ அப்போது கைக்குழந்தை. நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று அந்தப் பக்கத்து ஊர்களில் நம்பிக்கை. பொங்கல் சமயத்தில் வலையோடு காட்டுக்குப் போய் வங்காநரியைப் பிடித்து வருவார்கள். மேளத்தோடு ஊர்வலம், அப்புறம் காலில் கயிறு கட்டி மைதானத்தில் ஓடவிடுவார்கள். வங்காநரி நீ நினைக்கிற அளவு பெரிசில்லை, நம் தெருப் பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. அது ஓடும், கயிறு இழுக்கும், விழும், எழுந்து ஓடும். சுற்றிலும் ஒரே சிரிப்பு. நான் மாமா தோள் மேல் உட்கார்ந்திருந்தேன். அது ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருப்பது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இப்போது பொங்கல் வந்தால் வனத்துறை அந்த ஊர்களில் எச்சரிக்கை செய்கிறது, மீறியவர்களுக்கு அபராதமும் போட்டிருக்கிறது. ஊர் மக்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், மாமாவைப் போல அன்பானவரை நான் பார்த்ததில்லை. ஆனால் சில வருஷம் கழித்து எதிர்வீட்டு டிவியில் ஒரு நரி ஓடி, விழுந்து, எழுந்து, நம்மை நேராகப் பார்த்தபோது எனக்கு அந்த முகம்தான் தெரிந்தது. ஒரு வித்தியாசம், இந்த நரியின் காலில் கயிறு இல்லை. அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடுத்த காட்சியில் முழுசாக வரும். எனக்கு அது வேண்டியிருந்தது.

1980இல் வந்த ஒரு படத்தில் நரி கடைசியில் பறவையைப் பிடித்தேவிடுகிறது, உனக்குத் தெரியுமா? ஆனால் குழாய்க்குள் புகுந்து துரத்தியதில் நரி எறும்பளவு சிறுத்துப் போயிருக்கும். பறவையோ கோபுரம் மாதிரி நிற்கும். அதன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துவிட்டு, நரி நம் பக்கம் திரும்பி இரண்டு பலகைகளை அடுத்தடுத்துத் தூக்கிக் காட்டும். நான் பிடிக்க வேண்டும் என்றுதானே இத்தனை நாள் ஆசைப்பட்டீர்கள், இதோ பிடித்துவிட்டேன், இனி என்ன செய்வது என்று கேட்கிற பலகைகள். அதைப் பார்த்த அன்று எனக்கு மைதானம் ஞாபகம் வந்தது. பிடித்த பிறகு என்ன செய்வது என்று அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

பொங்கலுக்கு நீங்கள் வரும்போது ஏற்காடு போகலாம். காலை முதல் பஸ்ஸில் போனால், அடிவாரம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் இடப்பக்கப் புதர்களில் செம்போத்து இருக்கும். சிவந்த கண், செம்பழுப்பு இறக்கை, பையனுக்குச் சுலபமாக அடையாளம் தெரியும். அப்பாவின் பழைய அட்டைக் கட்டு ஒன்றும் பரணில் பத்திரமாக இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் நரியை ஒவ்வொன்றாக வரைந்து, கட்டைவிரலால் புரட்டிக் காட்டலாம் என்று நினைத்திருக்கிறேன். விழுந்த பிறகு எத்தனை அட்டை வெறுமையாக விட வேண்டும் என்று அவனே எண்ணிப் பார்க்கட்டும்.

அதற்குள் ஒன்று மட்டும் அவனிடம் கேட்டு எழுது. அவன் எந்தப் பக்கம்?

அன்புடன்,
அக்கா