புதிய இணையதளத்துக்கு கொட்டேஷன் வாங்கும் முன்: பெங்களூருத் தமிழ் அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். "வெப்சைட் பழசாயிடுச்சு, புதுசா ஒண்ணு போட்டுடலாம்" என்ற பேச்சு புதுக் குழு பொறுப்பேற்றதும் எழுவது வழக்கம். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: முகப்பை மாற்றுவதற்கு முன் உள்ளே இருப்பதை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நடந்த இலக்கியக் கூட்டங்கள், ஆண்டு மலர்கள், தமிழ் வகுப்புகள் போன்ற பலவற்றுக்கு அந்தப் பழைய பக்கங்களை விட்டால் வேறு பதிவே இருக்காது.

ஒரு எக்செல் தாளில் தொடங்குங்கள். பக்கத்துக்கு ஒரு வரி. பக்கத்தின் முகவரி, தலைப்பு, கடைசியாகத் திருத்திய நாள், கூகுள் தேடலிலிருந்து வந்த கிளிக், பொறுப்பாளர், முடிவு. முடிவு என்பது வைத்திரு, திருத்து, இன்னொன்றோடு சேர், நீக்கு என்ற நான்கில் ஒன்று. கிளிக் கணக்கை கூகுள் சர்ச் கன்சோல் இலவசமாகத் தரும். 16 மாதத்துக்கு முந்தைய கணக்கு அதில் கிடைக்காது. ஆனால் கிளிக் குறைவு என்பதற்காக எதையும் நீக்காதீர்கள். யாரும் திறக்காத மலர்ப் பக்கம்தான் நாளை ஓர் ஆய்வாளருக்குத் தேவைப்படும்.

தொடர்பு முகவரி, வகுப்பு நேரம், உறுப்பினர் படிவம், அரங்க வாடகை இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே சரிசெய்துவிடலாம். அல்சூருக்கு வழி சொல்லும் பக்கத்தில் பஸ் எண் மட்டும் இருந்தால், 2011 முதல் இயங்கும் ஹலசூரு மெட்ரோ நிலையத்தையும் சேருங்கள். "வரும் ஞாயிறு", "இவ்வாண்டு" என்று இருக்குமிடமெல்லாம் நாளும் ஆண்டும் எழுதுங்கள்.

பழைய செய்திகளை மட்டும் வேறு விதமாகக் கையாள வேண்டும். அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. "சிலை விரைவில் திறக்கப்பட வேண்டும்" என்று அதற்கு முன் எழுதிய குறிப்பு உங்கள் தளத்தில் இருந்தால், அதை அழிக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம்; அந்தக் காலத்துக்கு அது சான்று. குறிப்பின் மேலே அதை எழுதிய தேதியும் கீழே சிலை திறந்த நாளும் இருந்தால் போதும்.

பெரிய வேலை எழுத்துருவில் இருக்கிறது. இன்று எல்லாக் கணினியும் பயன்படுத்தும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டிஸ்கி முறைகளில் தட்டிய பக்கங்களில் தமிழில் தேடினால் எதுவும் கிடைக்காது. மாற்றிகள் இணையத்தில் உண்டு, ஆனால் மாற்றியதை அப்படியே ஏற்றக் கூடாது. பாமினியில் தட்டியது உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள்தான் என்பதால், இடையில் வரும் ஆங்கிலப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்தே உளறலாக மாறும்; அவற்றை முன்னதாகத் தனியே எடுத்து வையுங்கள்.

மாற்றிய பின் மூன்று பிழைகளைத் தேடுங்கள். "தமிழர்" என்பதில் ர் இருக்கவேண்டிய இடத்தில் கால் போட்டுப் புள்ளி வைத்து "தமிழா்" என்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடலில் சிக்காது. காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்குமே வராததால் இதை ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். இரண்டாவது, "கௌரவம்" என்பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியாக நின்று "கெளரவம்" ஆவது. இதை மொத்தமாக மாற்றினால் "வெளியீடு" கெட்டு "வௌியீடு" ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்தவேண்டும். மூன்றாவது, "ஸ்ரீ". ஸகரத்தில் தொடங்கும் வடிவும் 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் வடிவும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும். தளம் முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்ரீராமபுரம் கிளையின் பாதிச் செய்திகள் தளத்தின் தேடலில் விடுபடும்.

அழைப்பிதழைப் படமாக மட்டும் ஏற்றுவது இன்னொரு வழக்கம். நாள், இடம், பேச்சாளர், தலைப்பு ஆகியவற்றைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் தட்டுங்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்ற உறுப்பினருக்கு அந்த நாலு வரிதான் அழைப்பிதழ்.

உறுப்பினர் பட்டியல் பிடிஎஃப்களில் வீட்டு முகவரியும் செல்பேசி எண்ணும் கிடந்தால் தயங்காமல் நீக்குங்கள். பக்கத்திலிருந்து இணைப்பை மட்டும் எடுத்தால் கோப்பு சர்வரிலேயே இருக்கும், கூகுளிலும் வரும். கோப்பையே அழித்த பிறகு சர்ச் கன்சோலில் நீக்கக் கோரிக்கை கொடுக்கவேண்டும்.

பக்க முகவரி மாறினால், பழையதிலிருந்து அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 திருப்பம் (வருபவரைத் தானாகவே நிரந்தரமாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது வேலையைச் சுருக்கும். ஆனால் கூகுள் அதை "பக்கம் இல்லை" என்றே கணக்கில் எடுக்கும், வாசகரும் தேடிவந்தது கிடைக்காமல் திரும்புவார். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரசில் தமிழ்த் தலைப்பே முகவரியானால் ஓர் எழுத்துக்குறி ஒன்பது இடம் பிடிக்கும் ("கி" என்பது ககரமும் கொக்கியுமாக இரண்டு குறி). 200 இடத்துக்குமேல் வெட்டுப்படும். இருபது குறிகளுக்குள் நீங்களே சுருக்கிக் கொடுங்கள்.

ஆகவே கொட்டேஷன் கேட்கும்போது மூன்றை எழுத்தில் கேளுங்கள்: பழைய தளத்தின் முழு பேக்கப், பழைய முகவரிக்கு எதிரே புதிய முகவரி எழுதிய தாள், டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், அமைப்பின் பெயரிலேயே பதிவாகியிருக்கும் என்ற உறுதி. மேலே சொன்ன எக்செல் தாள் கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
பெங்களூருவில் தமிழ் இணையதளங்களைத் தொகுத்துத் திருத்தும் பணியில் உள்ளோர்